"மனிதன் கால் படாத திருகோணமலை" எங்கே இருக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. கமரா வைத்திருக்கிற தம்பிமார் கட்டாயம் வாசியுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை.

சீசன் தொடங்கிவிட்டது. கிழக்குக் கடல் அடங்கினதும் நிலாவெளியும் குச்சவெளியும் முகநூலை நிரப்பும். படங்களுக்குக் கீழே ஒரே வசனம்: "மனிதன் கால் படாத திருகோணமலை." கால் படாததாம்! நீங்கள் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முந்தியே கரைவலைக்காரர் அந்த மணலை மிதித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நானும் படம் எடுக்கிறவன்தான். ஓர்ஸ் ஹில்லில் சுபஹ் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஓடினால்தான் சூரியன் எழும்ப முன் கரைக்குப் போகலாம். நமது பக்கம் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புகிறது. நல்ல வெளிச்சம் அரை மணித்தியாலம் நின்றால் பெரிய விசயம், பிறகு வானம் வெளுத்துவிடும். உப்புக்காற்று லென்ஸில் படியும், துடைத்தால் கோடு விழும். பத்து நாள் போய் ஒன்பது நாள் வெறுங்கையோடு திரும்புவோம். இவ்வளவு பாடுபட்ட படத்துக்குள் ஒரு வள்ளம் வந்து நின்றால் எரிச்சல் வரும், விளங்குகிறது. அதற்காக, வலை காயப்போட்டுக்கொண்டிருக்கிற மனிசனிடம் போய் "நானா, வள்ளத்தைக் கொஞ்சம் தள்ளுங்க, பிரேமுக்குள்ள வருது" என்று சொல்வதா? நிலாவெளியில் என் கண்முன் நடந்தது. அவரும் பாவம், தள்ளிக் கொடுத்தார்.

இது வெறும் ரசனைப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் படம் எடுத்தார். பிரமாண்டமான கமரா, கண்ணாடித் தகடுகள், எல்லாவற்றையும் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு போனார். உழைப்புக்கு ஒரு சலாம் போடலாம். 1864இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் கையெழுத்திட அந்தப் படங்களும் உதவின. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு ஏன் அவ்வளவு வெறிச்சென்று தெரிந்தது? 1851இல் ஆயுதக் குழு ஒன்று உள்ளே போய் அங்கிருந்த பூர்வகுடிகளின் குடிசைகளை எரித்து விரட்டியிருந்தது. படத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஆதியிலிருந்தே ஆளில்லாத இடம்.

இனி நமது மாவட்டத்துக்கு வருவோம். தென்னமரவாடிச் சனம் 1984இல் ஊரை விட்டு ஓடியது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆள் இல்லாவிட்டால் வயல் என்னவாகும்? காடாகும். சம்பூர்ச் சனம் 2006இல் ஓடியது. இடையில் அந்த நிலத்தில் அனல்மின் நிலையம் கட்டத் திட்டம் போட்டார்கள். 2015இலிருந்துதான் கட்டம் கட்டமாகக் காணி திரும்பக் கிடைத்தது. கிழக்கில் எத்தனை பேர் உறுதியையும் பெர்மிட்டையும் கையில் வைத்துக்கொண்டு, வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பற்றைக்குள் தேடினால் கிணற்றுக்கட்டு இருக்கும், உம்மம்மா காலத்து மாமரம் இருக்கும். நீங்கள் மேலே ட்ரோன் விட்டு "தொடப்படாத காடு" என்று எழுதுகிறீர்கள். இது யாருடைய வழக்குக்குச் சாட்சி சொல்கிற வசனம் என்று ஒருதரம் யோசித்தீர்களா?

"அப்போ சேர், காட்டை வெட்டச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. புறாமலை 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவானது நல்ல காரியம். அங்கே முருகைக்கல்லில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறவரை முதலில் ஏசுகிறவன் நான்தான். காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்றுங்கள். அதற்கு ஊரை அழித்துக் காட்டத் தேவையில்லை.

படக்கலையாகவே பார்த்தாலும் இது நட்டம். கடல் எவ்வளவு பெரியது என்று கடலை மட்டும் எடுத்துக் காட்ட முடியாது. கரையில் ஒரு மனிசன் சின்னப் புள்ளியாக நின்றால்தான் அந்த அகலம் நெஞ்சில் அடிக்கும். கரைவலைக் கயிறு வளைந்து தண்ணிக்குள் போகிற கோடு இருக்கிறதே, அப்படி ஒரு கோட்டை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள். உள்துறைமுகத்தின் அந்தியை எடுக்கிறவர்கள் சீனன்குடாப் பக்கத்து மா ஆலையையும் எண்ணெய்க் குதங்களையும் வெட்டிவிடுகிறார்கள். மிச்சம் எந்த நாட்டு அந்தியாகவும் இருக்கலாம்.

படத்தோடு ஊரின் பெயரைப் போடுங்கள். குச்சவெளி என்றால் குச்சவெளி, இறக்கக்கண்டி என்றால் இறக்கக்கண்டி. வள்ளம் நின்றால் நிற்கட்டும். யாருடையது என்று கேளுங்கள், சொல்லுவார்கள், தேத்தண்ணியும் தருவார்கள்.

கொமெண்டில் என்னை ஏச வருகிறவர்கள் தாராளமாக ஏசலாம். உங்கள் கடைசிப் படம் எந்த ஊரில் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.