கருவறையில் ஓர் அமானிதம்

உவரிக் கடற்கரையிலுள்ள அந்தோணியார் திருத்தலத்திற்குச் செவ்வாய்க்கிழமைதோறும் பலதிறப்பட்ட மக்கள் வருகின்றனர். ஒரு பிள்ளை பிறக்காதா என்று ஏங்கும் தாய்மார்களும் அவர்களிடையே உண்டு. வழிபாட்டில் அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு. ஆயினும் அந்த ஏக்கம் நமக்குப் புதிதன்று. நபி ஜக்கரிய்யா (அலை) அவர்கள் தள்ளாத வயதில் இறைவனிடம் இறைஞ்சியதும் ஒரு சந்ததிக்காகவே அன்றோ! கேட்டும் கிடைக்காதோர் கண்ணீர் வடிக்க, கேளாமலே கிடைத்த கருவைக் கலைக்க வழி தேடுவோரும் நம்மிடையே இருக்கின்றனர்.

“சட்டம் அனுமதிக்கும்போது மார்க்கம் தடுப்பானேன்?” என்று சிலர் வினவுகின்றனர். மறைவிடங்களில் கருக்கலைத்து மாண்டுபோன பெண்களைக் காக்கும் நோக்குடன் 1971இல் நம் நாட்டில் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அந்நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட சிலருக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் வேண்டும். மணமாகாத பெண்களுக்கும் இது பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2023 அக்டோபரில், 26 வாரம் கடந்த கருவைக் கலைக்க இரு குழந்தைகளின் தாய் ஒருவர் கோரியபோது, தாயின் உயிருக்கு ஆபத்தில்லை, சிசுவுக்குக் குறையில்லை எனக் கண்டு அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டமும் ஓர் எல்லைக்கு அப்பால் கருவின் உயிரை மதிக்கவே செய்கின்றது.

ஷரீஅத்தின் எல்லை இதனினும் நுண்ணியது. 120 நாட்களில் கருவில் ரூஹு ஊதப்படுவதை நபிமொழியினின்று அறிகிறோம். மாதவிலக்கிலிருந்து எண்ணும் மருத்துவர் கணக்கில் அது ஏறக்குறைய 19 வாரம். அதன்பின் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கலைப்பது கூடாது. அதற்கு முன்னரும் தக்க காரணமின்றிக் கலைப்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. கரு வளர வளரக் குற்றமும் வளர்கின்றது என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்து. அதே வேளையில், தாயின் உயிருக்கே ஆபத்து என நம்பத்தகுந்த மருத்துவர் கூறின், அவளைக் காப்பதே மார்க்கம். அங்கே தயங்குவது பக்தியன்று.

இவ்வளவும் கூறி, “ஹராம்” என்று முடித்துவிட்டால் எம் கடமை தீர்ந்துவிடுமா? அந்தப் பெண்ணை அவ்வாசலுக்குத் தள்ளியவர் யார்?

“இதுவும் பெண்ணாய்ப் பிறந்தால் கைக்கூலிக்கு எங்கே போவது?” என்ற அச்சமே பல வீடுகளில் கருவின் பகைவன். பெண் சிசுக்களைக் காக்க 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. கருவின் பாலினம் கண்டறிந்து கூறுவதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. அறியாமைக் காலத்து அரபியர் மண்ணில் புதைத்தனர். நாம் மருத்துவமனையில் புதைக்கின்றோமா? எக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாள் என்று புதைக்கப்பட்ட பெண்மகவிடம் மறுமையில் கேட்கப்படும் எனத் தக்வீர் அத்தியாயம் எச்சரிக்கின்றது. அவ்விசாரணையில் தாய் மட்டுமா நிற்பாள்? கைக்கூலி கேட்டவரும், அறிந்தே அந்த நிகாஹைப் பதிவேட்டில் ஏற்றிய ஜமாஅத்தாரும், அங்கே குத்பா ஓதிய எம்போன்ற ஆலிம்களும் நிற்க வேண்டாமா?

வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர் எனத் திருமறை விலக்குகின்றது. உணவளிக்கும் பொறுப்பை இறைவன் தானே ஏற்கின்றான். அவ்வுணவு நம் கைகளின் வழியாகவும் சென்றடைய வேண்டும். ஏழைக் கர்ப்பிணியின் பிரசவச் செலவை ஊர் பைத்துல்மால் ஏற்கட்டும். தவறிழைத்துக் கருவுற்ற பெண்ணுக்கும் பிள்ளை பிறந்து பால்குடி மறக்கும்வரை தண்டனையைத் தள்ளிவைத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பெற்றோரின் பிழைக்குச் சிசு பொறுப்பன்று. ஊராரின் ஏச்சுக்கு அஞ்சி, மருத்துவரைக் காணாமல் கடையில் மாத்திரை வாங்கி உண்டு உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்கு எந்தப் பெண்ணையும் நாம் விரட்டலாகாது.

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. கைக்கூலி பேசப்படும் நிகாஹுக்குச் செல்ல மறுப்பது நம் கையில் இருக்கின்றது. இந்த ஜும்ஆவிலேனும் அதைத் தொடங்குவோமாக! கருவறையில் வைக்கப்பட்ட அமானிதத்தைப் பேண வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.