தேங்காய் எண்ணெய்: அமுதமா, நஞ்சா?

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் என்றால் தலைக்குத்தான். தாளிக்க மல்லாட்டை எண்ணெய். புளிக்குழம்புக்கும் இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெய். இதுவே நெடுநாளைய வழக்கம். பழைய தென்னாற்காடு மாவட்டம் மணிலாக்கொட்டைக்குப் பேர்போன மண் அல்லவா? அந்த மணிலாக்கொட்டைதான் ஊர்வாயில் மல்லாட்டை ஆயிற்று.

இப்போது தலைக்குத் தடவிய எண்ணெய் வாணலிக்கு இறங்கியிருக்கிறது. "வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடித்தால் தொந்தி கரையும்" என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. மறுநாளே, "அது இருதயத்துக்கு நஞ்சு" என்று இன்னொரு செய்தி வருகிறது. தாய்மார்கள் எதை நம்புவது?

கணக்கைப் பார்ப்போம்

எண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்புதான் ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டுவது. தேங்காய் எண்ணெயில் அது 100-ல் 80 பங்குக்கு மேல். பாமாயிலில் 40 பங்குக்கு மேல். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 20 பங்குக்குள்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவுத் திட்டத்தில், 2,000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய் போதும் என்றது. சுமார் 6 தேக்கரண்டி. அதே 2,000 கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. அதாவது 22 கிராம்.

அந்த ஆறு தேக்கரண்டியும் தேங்காய் எண்ணெயானால், 22 கிராமும் அதிலேயே தீர்ந்துவிடும். பாலுக்கும் நெய்க்கும் கறிக்கும் இடமே இல்லை. கடலை எண்ணெயானால் 5 கிராம்தான் செலவு. இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

2020-ல் 'சர்குலேஷன்' என்ற இருதய நோய்ச் சஞ்சிகை 16 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. மற்ற தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பைச் சராசரியாக 10 மில்லிகிராம் அளவுக்கு உயர்த்தியது. நல்ல கொழுப்பும் சிறிது உயர்ந்தது. ஆயினும் முன்னதை அது ஈடுசெய்யும் என்பதற்கு ஆதாரமில்லை.

தொந்தி கரையும் என்ற பேச்சுக்கும் ஒரு மூலம் உண்டு. எளிதில் எரியும் ஒருவகைக் கொழுப்பைத் தனியே பிரித்தெடுத்துச் செய்த சோதனைகள் அவை. அந்த வகை, தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான்.

நஞ்சும் அல்ல

அதற்காக அஞ்சி நடுங்கவும் வேண்டாம். கேரளத்தில் 200 இருதய நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தேங்காய் எண்ணெயும் மறு பிரிவுக்குச் சூரியகாந்தி எண்ணெயும் கொடுத்து இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். 2016-ல் வெளியான முடிவில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர்கள் அனைவரும் உரிய மருத்துவச் சிகிச்சையில் இருந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. அவியலுக்கு மேலே ஒரு கரண்டி ஊற்றுவதில் குற்றமில்லை. அதையே மருந்தென்று குடிப்பதுதான் பேதைமை.

இனி, கல்வராயன் மலைக்கு ஏறுவோம். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கூழும் மலைவாழ் மக்களின் பழைய ஆகாரம். இவற்றை வேகவைக்கத் தண்ணீர் போதும், எண்ணெய் வேண்டாம். எண்ணெய்ச் சட்டி பெரிதானது ரேஷன் அரிசியும் கடைப் பலகாரமும் வந்த பின்புதான். 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் குடும்ப அட்டைக்கு ஒரு லிட்டர் பாமாயில் கிடைக்கிறது. விலை 25 ரூபாய். வெள்ளிமலையில் கூலிக்குப் போகும் ஒரு தாயிடம் சென்று, "பாமாயில் கெடுதல், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் வாங்கு" என்று உபதேசிப்பது வயிறு நிறைந்தவர் பேச்சு. விலையும் பல மடங்கு. நிறைவுற்ற கொழுப்போ இருமடங்கு!

ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். இறக்குமதிக்குப் போகும் பணம் நம் உழவனுக்கு வரட்டும் என்பது நியாயமான வாதம். பிழைப்புக்காகக் கேட்கட்டும், நாமும் கூடக் குரல் கொடுப்போம். ஆனால் அந்த வழக்கில் ஆரோக்கியத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். சாட்சி எதிர்ப்பக்கம் பேசிவிடும்.

ஆரோக்கியமும் உழவனும் சேர்ந்து பிழைக்க வழி இருக்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றையும் அதே மலிவு விலையில் ரேஷன் கடையில் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ள அட்டைதாரருக்கு உரிமை தரவேண்டும். அரசாங்கம் இதைக் கவனிக்குமா?

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். எந்த எண்ணெயாயினும் பாத்திரத்திலிருந்து சாய்த்து ஊற்றாமல், கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். எண்ணெயின் பெயரைவிட அதன் அளவே உடம்பைக் காக்கும்.