நட்ட கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், சேவையின் வழியே மாணவரின் ஆளுமை வளர வேண்டும் என்றது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, கிராமத்தில் ஏழு நாள் முகாம் என்பது விதி. குறைவான நேரமல்ல. ஆனால் பல இடங்களில் அது பேரணி, உறுதிமொழி, மரக்கன்று என்று கரைந்துவிடுகிறது. நட்ட கன்றுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. வாழ்க்கைத் திறன் தொடங்கிய வேலையைத் தொடர்வதில்தான் பிறக்கிறது. ஏரியின் வரத்துக்கால்வாயைத் தூர்வார இறங்கும் மாணவர்கள் ஊராட்சித் தலைவரிடம் பேச வேண்டும், கரையோர நிலக்காரரின் கோபத்தைப் பொறுமையாகக் கேட்க வேண்டும், செலவுக்குக் கணக்கு எழுத வேண்டும், வராத நண்பனின் பங்கையும் சுமக்க வேண்டும். முடிவெடுத்தலையும் பிறர் நிலை உணர்தலையும் எந்தப் பாடவேளை இப்படிக் கற்றுத்தரும்?

படிப்பு கெடும் என்பார்கள். இந்தப் பணி கேட்கும் நேரம் ஏற்கெனவே விதியில் ஒதுக்கப்பட்டதுதான். கூலியில்லா ஆட்களாக மாணவரைப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சம் இதைவிட நியாயமானது; மிகவும் நியாயமானது. அதனால்தான் எந்த வேலை என்பதை மாணவரும் ஊராரும் கூடித் தீர்மானிக்க வேண்டும். அதே ஊரில், அதே வேலையில் இரண்டு ஆண்டும் தொடர வேண்டும்.