செம்பு மாமா வாங்கிய பவுன்

எங்கள் எதிர் வீட்டு மாமாவுக்குத் தெருவில் 'செம்பு மாமா' என்று பெயர். நாற்பது வருஷமாகப் பழங்காசு சேர்க்கிறார். ராஜராஜன் காலத்துச் செப்புக் காசு, விக்டோரியா ராணியின் வெள்ளி ரூபாய், நடுவில் ஓட்டை போட்ட காலணா எல்லாம் அவரிடம் உண்டு. தங்கம் மட்டும் கிடையாது. "செம்பும் வெள்ளியும் என் பொழுதுபோக்கு. தங்கம் குடும்ப விஷயம்" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். கூடத்து மேஜையில், வெல்வெட் துணியின் மேல், ஒரு தங்கக் காசு!

"பவுன்! 1918!" என்றார். குரலில் கல்யாண மாப்பிள்ளையின் படபடப்பு.

நகைக் கடையில் நாம் பவுன் என்றும் சவரன் என்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர்களைத் தந்த மூலப் புருஷர் இந்தக் காசுதான். இங்கிலீஷில் ஸாவரின். எடை 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீட்டர், 22 காரட். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் குதிரை மேல் வந்து பாம்பரக்கனைக் கொல்லும் ஸெயின்ட் ஜார்ஜ். அந்த உருவத்தை 1817-இல் செதுக்கியவர் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர்.

"இதன் விசேஷம் தெரியுமா?" என்று பூதக்கண்ணாடியை நீட்டினார் மாமா. வருஷத்துக்கு மேலே கடுகு போல 'ஐ' என்ற இங்கிலீஷ் எழுத்து. இந்தியா என்று அர்த்தமாம். முதல் உலக யுத்த சமயத்தில் லண்டன் அரச நாணயச்சாலை பம்பாயில் ஒரு கிளை திறந்து பவுன் அடித்தது. அந்தக் காசுகளில் இருப்பது 1918 என்ற ஒரே வருஷம்தான்.

தராசில் வைத்தார், எடை சரி. அளந்தார், அதுவும் சரி. "தங்கம் கனமான உலோகம். மட்ட உலோகத்தில் இதே அளவுக்குப் போலி செய்தால் எடை குறைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் நல்ல தங்கத்திலேயே போலி அடித்த கெட்டிக்காரர்களும் உண்டு. அதனால் எழுத்தையும் உருவத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டும்" என்றார்.

அப்போது மாமி காப்பியோடு வந்தாள். காசை எடுத்து, தலையையும் பார்க்கவில்லை, குதிரையையும் பார்க்கவில்லை. விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"வளையம் பற்றவெச்ச தடம் இருக்கே! இது காசுமாலையிலே இருந்ததுன்னா!"

மாமாவின் முகம் வாடிவிட்டது. விளிம்பில் ஓரிடத்தில் கோடுகள் அழிந்து மழமழவென்றிருந்தன. பற்றவைத்த காசுக்குத் தங்கத்தின் விலை உண்டு. சேகரிப்பவர்கள் அதற்கு மேல் தரும் அபூர்வ விலை கிடையாது. மாமாவோ அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன். நாற்பது வருஷ அனுபவம்! எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது?"

"பெரியவனைக் காலேஜில் சேர்த்தபோது என் காசுமாலையைக் கடையில் போட்டோமே. முதல் நாள் ராத்திரி ஒவ்வொரு காசா தடவிப் பார்த்திண்டிருந்தேன். தடம் விரலுக்குத் தெரியும்" என்றாள் மாமி. பிறகு மெதுவாக, "இதையும் யார் எந்தப் பிள்ளைக்காகக் கழற்றினாளோ!" என்றாள்.

மாமா பதில் சொல்லவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் வியாபாரியிடம் போனார். அவரும் நியாயஸ்தர், விளிம்பைப் பார்த்துவிட்டு, அபூர்வ விலையாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்தார். காசு மட்டும் மாமாவோடு திரும்பி வந்துவிட்டது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டி காலத்துப் பவுன் இருந்தால், பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அழிக்கும் முன் வருஷத்தையும் அந்தக் கடுகு எழுத்தையும் பாருங்கள்.

நேற்று மாமா தம் ஆல்பத்தைக் காட்டினார். புதுப் பக்கத்தில் அந்தப் பவுன். கீழே அவர் கையெழுத்தில், 'பம்பாய், 1918. ஒரு காசுமாலையில் இருந்தது. கண்டுபிடித்தது: என் மனைவி.'

மாமி பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவையாம்!