அண்டை வீட்டார் தேர்ந்தெடுக்கும் வீடு

"வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைப் பார்" என்பது அரபு நாட்டுப் பழமொழி. வீடு வாங்குகின்றவர் அக்கம்பக்கத்தை விசாரிப்பது எங்கும் உள்ளதுதான். ஆனால், அக்கம்பக்கத்தார் நம்மை விசாரித்து, "இவர் வரலாம்" என்று ஒப்பிய பின்னரே வீடு கிட்டும் ஓர் ஏற்பாட்டைக் கேள்விப்பட்டிருக்கின்றீர்களா? நியூயார்க் நகரில் அது அன்றாட வழக்கம். மகனோ மருமகனோ அங்குப் பணியாற்றும் குடும்பங்கள் நம்மிடையே இருப்பதால் இதனைச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

அந்நகரின் குவீன்ஸ் பகுதியில் ஜாக்ஸன் ஹைட்ஸ் என்றொரு பேட்டை உண்டு. 1909-இல் குவீன்ஸ்பரோ பாலம் திறக்கப்பட்ட காலத்தில், எட்வர்ட் மக்டூகல் என்பவரின் நிறுவனம் அங்கு விளைநிலங்களை வாங்கிற்று. 1917-இல் மேம்பால இரயில் வந்தது. தெருவோரமாகக் கட்டடங்களை எழுப்பி, அவற்றின் நடுவே நீண்ட பூங்காவை வைத்துக் கட்டினார்கள். சில ஆண்டுகளில் கூட்டுறவு முறையில் விற்கவும் தொடங்கினார்கள். (ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டம் பிறந்ததும் இப்பேட்டையில்தான்.)

கூட்டுறவு என்றதும் நம்மூர் வீட்டுவசதிச் சங்கம் நினைவுக்கு வரும். அங்குள்ள முறை வேறு. கட்டடம் முழுவதும் ஒரு கழகத்துக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது சுவரையோ மனையையோ அன்று, அக்கழகத்தின் பங்குகளை. அப்பங்குகளின் பேரில், இன்ன வீட்டில் குடியிருக்கலாம் என்று ஒரு குத்தகைப் பத்திரம் தருவார்கள். சொத்து வரி, பணியாளர் சம்பளம், குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் செலவு யாவும் பங்குக் கணக்குப்படி மாதந்தோறும் பிரிக்கப்படும். கட்டடத்தின் பேரில் கழகம் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டியும் அம்மாதக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். கைப்பணம் முழுவதும் கொடுத்து வாங்கி, வட்டியிலிருந்து தப்பினோம் என்று எண்ணுகின்றவர் கழகத்தின் ஆண்டுக் கணக்கறிக்கையை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

ஒருவர் கட்டணம் செலுத்தத் தவறினால் அந்தச் சுமை மற்றவர் தலையில் விழும். ஆகவே, வருகின்றவரின் வருமானம், சேமிப்பு, கடன் எல்லாவற்றையும் நிர்வாகக் குழு துருவிப் பார்க்கின்றது. நேரில் அழைத்தும் பேசுகின்றது. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், "யாரைச் சேர்ப்பது" என்ற அதிகாரம் கையில் வந்துவிட்டால் மனிதன் எங்கே நிற்பான்? 1920-களில் இதே ஜாக்ஸன் ஹைட்ஸில் யூதர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் வீடு மறுக்கப்பட்டது. பூங்காவும் அழகும் "தக்கவர்களுக்கு" மட்டும் என்றிருந்தது! 1968-இல் வீட்டுரிமைச் சட்டம் இத்தகைய பாகுபாட்டைத் தடை செய்தது. அதற்குப் பின்னரும் குழுக்கள் காரணம் சொல்லாமலே மறுத்து வந்ததால், உள்ளே இருப்பது கணக்கா வெறுப்பா என்பதை மெய்ப்பிப்பது எளிதாயிருக்கவில்லை.

1965-இல் குடியேற்றச் சட்டம் மாறியது. பின்னர் இந்தியரும் பாகிஸ்தானியரும் வங்காள தேசத்தவரும் வந்து சேர்ந்தனர். இன்று அப்பேட்டையின் 74-ஆம் தெருப் பக்கம் ஹலால் உணவுக் கடைகளும் சேலைக் கடைகளும் நிறைந்துள்ளன. பங்குதாரராகிவிட்டால் ஆண்டுக் கூட்டத்தில் வாக்களிக்கலாம். நிர்வாகக் குழுவுக்கும் நிற்கலாம். அப்போது அடுத்து வருகின்றவரின் மனுவைப் புரட்டும் கை நம் பிள்ளையின் கையாகவும் இருக்கக் கூடும். அந்த மேசைக்கு முன் யூதரோ கறுப்பினத்தவரோ வந்து அமர்ந்தால் அவர் என்ன கேட்பார், எதைக் கேட்காமல் விடுவார் என்பதை இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

1993-இல் பேட்டையின் ஒரு பகுதி வரலாற்றுச் சிறப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதால், அங்குச் சன்னலின் வடிவை மாற்றவும் நகர ஆணையத்தின் அனுமதி வேண்டும். இது வெளிப்புறத்துக்கு. உட்புறத்துக்குக் கட்டடத்தின் சொந்த விதிகள் உண்டு. கீழ் வீட்டாருக்குக் காலடி ஓசை கேளாதிருக்கத் தரையில் நூற்றுக்கு எண்பது பங்கைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்பது பல கட்டடங்களின் விதி. தொழுகை விரிப்பு இரண்டை விரித்துக் கணக்குக் காட்ட இயலாது! பத்திரத்தில் கையெழுத்திடுமுன் அவ்விதிகளின் படியை வாங்கி முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்து ஆறு மாதம் தங்க இடமுண்டா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.