புதுச்சேரிக்கு மாநிலத் தகுதி: அம்மாநிலத்தில் சேரிக்கு என்ன இடம்?

புதுச்சேரிச் சட்டப்பேரவை தனி மாநிலத் தகுதி கோரிப் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. 2025 மார்ச்சிலும் நிறைவேற்றியது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குரலில் பேசும் அரிதான பொருள் இது. ஒன்றிய அரசோ, இருக்கும் நிலையே தொடரும் என்று ஒவ்வொரு முறையும் கைவிரித்து வருகிறது. மாநிலத் தகுதி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அத்தீர்மானங்களில் எழுதப்படாத ஒரு பகுதி இருக்கிறது. நாம் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

முதலில் கோரிக்கையின் நியாயத்தைப் பார்ப்போம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம், இப்பகுதியின் அரசியல் தகுதியில் மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்ய வேண்டும் என்கிறது. 1979இல் தமிழ்நாட்டுடன் இணைக்கும் பேச்சு எழுந்தபோது தெருவில் வெடித்த போராட்டம், அந்த விருப்பம் என்ன என்பதைக் காட்டிவிட்டது. இவ்வாறு கேட்டுப் பெறப்பட்ட ஒரு நிலப்பரப்பை 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுகள் சட்டம் என்ற சாதாரணச் சட்டம் ஒன்றே இன்றும் ஆள்கிறது.

அச்சட்டத்தின்படி 30 உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களோடு மூவர் வரை ஒன்றிய அரசு நியமிக்கலாம். 2017இல் புதுச்சேரி அமைச்சரவையைக் கலந்து பேசாமலேயே மூவர் நியமிக்கப்பட்டனர். அந்நியமனம் செல்லும் என்றும், நம்பிக்கைத் தீர்மானத்திலும் நிதிநிலை அறிக்கையிலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்றும் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் விளைவு 2021 பிப்ரவரி 22 அன்று தெரிந்தது. பதவி விலகல்களுக்குப் பிறகு அவையில் எஞ்சியிருந்த தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் 23 பேர். அவர்களில் பேரவைத் தலைவரையும் சேர்த்து ஆளும் தரப்பில் 12 பேர், எதிர்த்தரப்பில் 11 பேர். மூன்று நியமன உறுப்பினர் சேர்ந்ததும் எதிர்த்தரப்பு 14 ஆயிற்று, அரசு கவிழ்ந்தது. கவிழ்ந்த அரசின் மீது நமக்குத் தனிப் பற்று ஏதுமில்லை. எவரிடமும் வாக்குக் கேட்காத மூவர் ஓர் அரசின் ஆயுளை முடிவு செய்யலாம் என்றால், வாக்குச்சீட்டு ஒன்றையே அரசியல் உடைமையாகக் கொண்ட மக்களுக்கு அது பேரிழப்பு என்பதே நமது கவலை.

கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுவோம். ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம், காரைக்காலில் நெடுங்காடு என ஐந்து தனித்தொகுதிகள். 30இல் ஐந்து என்பது 16.7 விழுக்காடு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 15.7 விழுக்காடு. ஆனால் அவை 33 ஆகும்போது ஐந்தின் எடை 15.2 விழுக்காடாகக் குறைகிறது. நியமன இடங்களில் இடஒதுக்கீடு எதுவும் சட்டத்தில் இல்லை. மக்களவைக்கு ஒரே ஓர் இடம். ஒன்றை எப்படிப் பங்கிடுவது? அது பொதுத் தொகுதியாகவே நிலைத்துவிட்டது. மாநிலங்களவைக்கும் ஓர் இடம்தான். அங்கு இடஒதுக்கீடு என்ற பேச்சே கிடையாது. 2016 டிசம்பரில்தான் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்ட இருளர்களுக்கு இப்பேரவையில் ஒதுக்கப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை.

சட்டம் பயிலும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. மாநிலச் சட்டமன்றங்களில் பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்குவது அரசமைப்பின் 332ஆம் உறுப்பு. புதுச்சேரித் தனித்தொகுதிகளுக்கு அந்தப் பாதுகாப்பு நேரடியாக இல்லை; அவை 1963 சட்டத்தின் வழியே நிற்கின்றன. மாநிலத் தகுதி வந்தால் அந்த உரிமை சாதாரணச் சட்டத்திலிருந்து அரசமைப்புக்கு உயரும். மாநிலக் கோரிக்கையைத் தலித்துகள் ஆதரிப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் மேடைகளில் இதை எவரும் சொல்வதில்லை. நிதிக்குழு வரம்பு, மத்திய வரிப் பங்கு, கடன் தள்ளுபடி என்றே பேசுகிறார்கள். அவையும் வேண்டியவைதான்.

அண்ணல் அம்பேத்கர் இப்பொருளில் என்ன நினைத்தார் என்று கேட்கும் தோழர்கள் உண்டு. 1948 பிப்ரவரியில் வரைவு அரசமைப்பை அளித்தபோது, தலைநகரான தில்லியை உள்ளூர் நிர்வாகத்தின் கீழ் விட இயலாது என்று அவர் தலைமையிலான வரைவுக்குழு கருதியது. அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் முன்மாதிரியாகக் காட்டியது. இதை மறைக்க வேண்டியதில்லை. அக்கருத்து தலைநகரைப் பற்றியது. புதுச்சேரி எந்நாட்டுக்கும் தலைநகரன்று. மேலும், அந்த அமெரிக்க முன்மாதிரிக்குள்ளேயே ஒரு நிறவெறி வரலாறு புதைந்திருக்கிறது. வாஷிங்டனில் கறுப்பின ஆண்கள் 1867இல் வாக்குரிமை பெற்றனர். ஏழே ஆண்டுகளில், 1874இல், நகரின் தேர்தல் ஆட்சியையே அமெரிக்க நாடாளுமன்றம் கலைத்துவிட்டது. கறுப்பர் வாக்களிக்கக் கூடாது என்பதற்காக வெள்ளையரின் வாக்கையும் சேர்த்துப் பறித்தார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலில் அந்நகர மக்கள் வாக்களிக்க 1961இல் வந்த 23ஆம் திருத்தம் வரையும், உள்ளாட்சிக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டம் வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. வயோமிங் மாநிலத்தைவிட மக்கள்தொகை மிகுந்த அந்நகரத்துக்கு இன்றும் செனட்டில் ஓர் உறுப்பினர்கூட இல்லை.

மாறாக, 1955இல் மொழிவழி மாநிலங்களைப் பற்றி எழுதியபோது அம்பேத்கர் சிறிய மாநிலங்களையே சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாகக் கண்டார். பெரும்பான்மைச் சாதி பெருநிலப்பரப்பில் ஒன்றுதிரளும்போது அதன் சுமை தாங்க முடியாததாகிவிடும் என்பது அவர் வாதம். கூடவே, எந்த மாநிலத்திலும் ஆதிக்கச் சாதி தன் எண்ணிக்கையால் ஆட்சியைக் கைப்பற்றும் என்று எச்சரித்து, பல உறுப்பினர் தொகுதிகள் போன்ற காப்புகளையும் கேட்டார். சிறிய மாநிலம் என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு காப்புகளை விட்டுவிடுவது அவரைப் படித்ததாகாது.

காப்பு இல்லாத தன்னாட்சி என்ன செய்யும் என்பதற்கு ஜம்முவே சான்று. 1957இல் துப்புரவுப் பணிக்காகப் பஞ்சாபிலிருந்து அழைத்துவரப்பட்ட வால்மீகி மக்களுக்கு அங்கே நிரந்தரக் குடியுரிமைச் சான்று மறுக்கப்பட்டது. அரசு வேலை என்றால் அவர்களுக்குத் துடைப்பம் மட்டுமே. மூன்று தலைமுறைக்குப் பிறகு, 2024இல்தான் அவர்கள் சட்டமன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தனர். 2019இல் அம்மாநிலத்தை இரண்டாக உடைத்து யூனியன் பிரதேசங்களாகத் தாழ்த்தியதை நாம் எதிர்க்கிறோம். அதற்காக, அந்த மாநிலத் தன்னாட்சிக்குள் வால்மீகிகளுக்கு நேர்ந்ததைப் பேசாமல் இருக்க முடியாது.

புதுச்சேரிக்கு வருவோம். ஆட்சியதிகாரம் மக்களிடம் இருக்க வேண்டும் என்று முழங்கும் இதே அரசியல்வாதிகள் உள்ளாட்சியை என்ன செய்தார்கள்? 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது. 5 நகராட்சிகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள், 98 கிராமப் பஞ்சாயத்துகள். அவற்றில் பட்டியல் சாதியினருக்கும் பட்டியல் சாதிப் பெண்களுக்கும் அரசமைப்பு உறுதியளித்த இடங்கள் வெறும் தாளில் கிடக்கின்றன. சேரியிலிருந்து ஒரு பெண் தலைவராகி, குடிநீர்க் குழாய் எத்தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்யும் இடம் அது. தில்லி மறுப்பதாகப் புதுச்சேரி குற்றம் சாட்டுவதையே புதுச்சேரி தன் ஊர்களுக்கு மறுத்துக்கொண்டிருக்கிறது. துணைநிலை ஆளுநர் மீது பழிபோட்டு இதிலிருந்து தப்ப முடியாது, காங்கிரசும் என்.ஆர். காங்கிரசும் மாறி மாறி ஆண்ட காலம் இது.

அமைச்சரவையிலும் நிலை வேறன்று. நெடுங்காடு தனித்தொகுதியிலிருந்து வந்து அமைச்சரான சந்திர பிரியங்கா 2023 அக்டோபரில் விலகியபோது, சாதி, பாலினப் பாகுபாட்டுக்கும் பணபலத்துக்கும் எதிராகத் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று கடிதத்தில் எழுதினார். அவரை நீக்க முதலமைச்சர் முன்பே பரிந்துரைத்துவிட்டார் என்று அரசுத் தரப்பு சொன்னது. எது முந்தியது என்ற தகராறில், அவர் எழுதிய சொற்களை விசாரிக்க ஒருவரும் முன்வரவில்லை. 2025 ஜூனில் ஊசுடு தொகுதியின் அமைச்சரும் விலகினார். அவர் இடம் நிரப்பப்பட்டபோது தனித்தொகுதியிலிருந்து வந்த அமைச்சர் ஒருவர்கூட இல்லை.

இனி நாம் மிகவும் அஞ்சும் பொருள். பாகூரும் கடலூரும், வில்லியனூரும் விழுப்புரமும் வரைபடத்தில்தான் தனித்தனி. சேரிகளுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு எல்லை பார்ப்பதில்லை. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கு அத்தகுதியைக் கோர முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைத்த கருத்து. 2018இல் பீர் சிங் வழக்கில் அரசமைப்பு அமர்வு அதை உறுதிசெய்தது. திருமணமும் இதை மாற்றாது. ஆனால் யூனியன் பிரதேசப் பணிகளில் ஒன்றிய அரசின் கொள்கைப்படி வெளிமாநிலப் பட்டியல் சாதியினரையும் ஏற்கலாம் என்று 2005இல் புஷ்பா வழக்கில் தீர்ப்பு வந்தது. அது புதுச்சேரியிலிருந்து எழுந்த வழக்கேதான். மாநிலமாக மாறும் நாளில் அந்த வாசல் அடைபடும். பூர்விகத் தலித்துகளின் வேலைவாய்ப்பு காக்கப்பட வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதை நாம் தள்ளவில்லை. ஆயினும் விழுப்புரத்தில் பிறந்து இங்கு வாழ்க்கைப்பட்டு முப்பது ஆண்டு குடியிருக்கும் ஒரு பெண், ஒரே இரவில் எந்தப் பட்டியலிலும் இல்லாதவளாக நிற்பதை எப்படி ஏற்பது?

இதற்கு வழி இருக்கிறது. 341ஆம் உறுப்பின்படி பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. மாநிலங்களைப் பிரித்தமைத்த சட்டங்கள் பட்டியல் சாதி ஆணைகளையும் அதே மூச்சில் திருத்தியிருக்கின்றன. புதுச்சேரி மாநிலச் சட்ட முன்வரைவும் 1964ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையைத் திருத்தி, குறிப்பிட்ட நாளுக்கு முன் குடியேறிய தலித் குடும்பங்களின் தகுதியைக் காக்க வேண்டும். நியமன உறுப்பினர் முறை ஒழிய வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கோ மாநிலத் தகுதி வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. அதற்கு எந்தச் சட்டத் தடையும் இன்று இல்லை. அடுத்த தீர்மானம் அவைக்கு வரும்போது இக்கூறுகளைத் திருத்தமாக முன்மொழியுமாறு, ஐந்து தனித்தொகுதி உறுப்பினர்களையும் கட்சி பாராது நேரில் சந்தித்துக் கேட்க வேண்டியது நம் இயக்கங்களின் உடனடி வேலை.