நாங்களும் நாமும்

பலரைச் சேர்த்துத் தன்னோடு கூட்டிப் பேச ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் உண்டு. தமிழிலோ ‘நாங்கள்’ என்றும் ‘நாம்’ என்றும் இரு சொற்கள் உள. கேட்பவரை விலக்கி நிற்பது முன்னது. அவரையும் உளப்படுத்தி நிற்பது பின்னது. வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பிக்கப்படும் இவ்விலக்கண நுட்பம், மக்கள் ஒன்றுகூடி அமைக்கும் எந்த அமைப்பையும் அளந்தறிய உதவும் அளவுகோலுமாகும். அதனைக் கொண்டு அமெரிக்க இயந்திரத் தொழிலாளர் சங்கத்தின் வரலாற்றை, சிறப்பாகச் சியாட்டில் நகரத்துப் போயிங் விமானத் தொழிலாளர் கிளையின் வரலாற்றை, ஈண்டு நோக்குவோம். தொழிற்சங்கம் என்றதும் ஊதிய உயர்வும் வேலைநிறுத்தமுமே பலர்க்கும் நினைவில் எழும். ஆயினும் ஒரு சங்கம் ‘நாம்’ என்று சொல்லுங்கால் யார் யாரை உளப்படுத்திச் சொல்கிறது என்பதே அதன் வலிமையையும் வீழ்ச்சியையும் முடிவு செய்கிறது என்பது நம் கருத்து.

கடைசல் பொறியின் முன் நின்று, உலோகத்தை மயிரிழையும் பிசகாமல் கடைந்து உறுப்புகளாக்கும் கைவினைஞரை ‘மெஷினிஸ்ட்’ என்பர். 1888-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், அட்லாண்டா நகரின் இரயில் பணிமனையில், எஞ்சின் பழுதுபார்க்கும் குழி ஒன்றினுள் இத்தகைய தொழிலாளர் 19 பேர் கூடினர். தாமஸ் டால்பட் என்பார் தலைமையில் அன்று அவர்கள் தொடங்கிய அமைப்பே பின்னர்ப் பன்னாட்டு இயந்திரத் தொழிலாளர் சங்கமாக வளர்ந்தது. குழிக்குள் பிறந்த சங்கம் குன்றென உயர்ந்தது உண்மையே. ஆயின் அது பிறக்கும்போதே ஒரு குறையோடு பிறந்தது. வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது அதன் விதி. நாட்டின் தொழிற்சங்கக் கூட்டமைப்பு இவ்விதியை ஏற்க மறுத்ததால், 1895-இல் கூட்டமைப்பில் சேரும்பொருட்டு அதனைச் சட்ட நூலினின்று நீக்கினர். நீக்கியதை உறுப்பினர் சேர்ப்புச் சடங்கில் ஒளித்து வைத்துக்கொண்டனர். ஏட்டில் ‘நாம்’, நடப்பில் ‘நாங்கள்’ என்னும் இரட்டை நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

சியாட்டிலில் போயிங் தொழிலாளர்க்கான 751-ஆம் கிளை 1935-இல் அமைந்தது. இரண்டாம் உலகப்போர் வந்தது. போர்த்தளவாடத் தொழிலில் இனவேறுபாடு காட்டலாகாது என்று அதிபர் ரூஸ்வெல்ட் 1941-இல் ஆணையிட்டார். அதன்பின் கருப்பினத்தார் போயிங் ஆலையில் நுழைந்தனர். ஆனால் சங்கம் அவர்களுக்குத் தந்தது பணி அனுமதிச் சீட்டே. முழு உறுப்புரிமை அன்று. கட்டணம் செலுத்தலாம், உழைக்கலாம், உறுப்பினராக இயலாது! தடை முற்றாக நீங்கியது 1948-இல்தான். அதே ஆண்டில் அக்கிளை 140 நாள் நீண்ட வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்தது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். தன் வாயிற்கதவைச் சிலர்க்கு அடைத்து வைத்திருக்கும் அமைப்பு, நெருக்கடி வரும் நாளில் அவர்தம் துணையை உரிமையோடு எங்ஙனம் கேட்கும்?

அடுத்த தலைமுறையில் பிரிவுக்கோடு நிறத்திலிருந்து ஊருக்கு இடம் மாறியது. 2008-இல் சங்கம் ஏறத்தாழ எட்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தது. மறு ஆண்டு அக்டோபரில், 787 விமானத்தின் இரண்டாம் உற்பத்தி வரிசையைத் தென் கரோலினா மாநிலத்து வடசார்ல்ஸ்டனில் அமைப்பதாக நிறுவனம் அறிவித்தது. சங்கம் வேரூன்றாத மண் அது. அங்குள்ள தொழிலாளரைத் தம்மோடு சேர்க்கச் சங்கம் முயன்றது. 2017 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் ‘வேண்டா’ என்றனர். ஆலை இடம்பெயர இயலும்; ஒற்றுமை அவ்வளவு எளிதில் இடம்பெயர்வதில்லை.

இந்த அச்சமே 2014-ஆம் ஆண்டின் பெரும் இழப்புக்கு வழிகோலியது. 777எக்ஸ் என்னும் புதிய விமானத்தைச் சியாட்டில் வட்டாரத்தில் கட்ட வேண்டுமானால் தொழிலாளர் தம் ஓய்வூதிய முறையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நிறுவனம் நிபந்தனை விதித்தது. வாஷிங்டன் மாநில அரசோ 2040 வரை நீளும் 870 கோடி டாலர் மதிப்புள்ள வரிச்சலுகையை 2013 நவம்பரில் வாரி வழங்கியிருந்தது. அம்மாதம் நடந்த வாக்கெடுப்பில் உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் நிபந்தனையை மறுத்தனர். உள்ளூர்த் தலைவர்கள் விரும்பாத நிலையிலும், சங்கத்தின் தேசியத் தலைமை 2014 சனவரி 3-ஆம் நாள் மீண்டும் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. இம்முறை 51 விழுக்காட்டினர் இசைந்தனர். வேலையில் இருந்தோர்க்கு ஓய்வூதியம் மேற்கொண்டு வளர்வது 2016-இல் நின்றது. புதிதாகச் சேர்வோர்க்கு அம்முறையே இல்லாதொழிந்தது.

ஈண்டுச் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று வாக்களித்தோரை நாம் பழிக்கவில்லை. வேலையே பறிபோகும் என்ற அச்சத்தின் நடுவே எடுத்த முடிவு அது. எனினும் அம்முடிவின் சுமை முழுவதையும் தாங்கப்போகிறவர் அந்த மன்றத்தில் இல்லை. அவருட் பலர் அன்று பள்ளியிற் பயின்றுகொண்டிருந்த சிறுவர். வாக்குச்சீட்டு இல்லாதவனின் முதுமை, வாக்குச்சீட்டு உள்ளவனால் முடிவு செய்யப்பட்டது.

பத்தாண்டுகள் கழிந்தன. 2024-இல் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தபோது அந்தச் சிறுவர்கள் இளைஞராகித் தொழிற்கூடத்தில் நின்றனர். நான்காண்டுகளில் 25 விழுக்காடு ஊதிய உயர்வு தருவதாக நிறுவனம் கூறியது. சங்கத் தலைமையும் ஏற்கலாம் என்றது. உறுப்பினர் 94.6 விழுக்காட்டினர் மறுத்தனர். செப்டம்பர் 13-இல் ஏறத்தாழ 33,000 பேர் வேலையை நிறுத்தினர். மாத இறுதியில் மருத்துவக் காப்பீடு நின்றது. சங்கம் மூன்றாம் வாரம் முதல் தந்த உதவித்தொகை வாரத்திற்கு 250 டாலர். 35 விழுக்காடு என்று உயர்த்திச் சொன்னபோதும் அக்டோபர் 23-இல் 64 விழுக்காட்டினர் மறுத்தனர். ஓய்வூதியத்தை மீட்பது அவர்தம் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. இறுதியில், 53 நாளுக்குப் பின், நவம்பர் 4-இல் 38 விழுக்காடு உயர்வை 59 விழுக்காட்டினர் ஏற்றனர். ஊதியம் உயர்ந்தது, அடுத்த புதிய விமானத்தைத் தம் வட்டாரத்திலேயே கட்டும் உறுதியும் கிட்டியது. ஓய்வூதியம் மட்டும் மீளவில்லை. ஒரு நாள் வாக்கில் நழுவியதை 53 நாள் பட்டினியாலும் மீட்க இயலவில்லை என்பது எத்துணைப் பெரிய பாடம்!

வேலைநிறுத்தம் செய்வதால்தான் ஆலைகள் வேறிடம் போகின்றன என்று வாதிடுவோர் உளர். 2008-ஐயும் 2009-ஐயும் சேர்த்துப் பார்த்தால் அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அடங்கி நடந்தால் எல்லாம் நிலைக்கும் என்பதும் மெய்யன்று. 2014-இல் தொழிலாளர் விட்டுக்கொடுத்தனர். அந்த 777எக்ஸ் விமானம் அங்கே கட்டப்பட்டது. ஆயினும் 2024 வேலைநிறுத்தத்தின் நடுவே, உலகெங்கும் உள்ள தன் பணியாளருள் 17,000 பேரைக் குறைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

இன்னும் ஒரு வட்டம் உண்டு. ‘நாம்’ என்பதில் விமானத்தில் ஏறும் பயணியும் அடங்குவான் அல்லவா? 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் வீழ்ந்து 346 உயிர்கள் மாய்ந்தன. அவற்றிற்கு அடிப்படைக் காரணங்களுள் ஒன்று கட்டுப்பாட்டு மென்பொருளின் வடிவமைப்பு. 2024 சனவரி 5-இல் அலாஸ்கா நிறுவன விமானம் ஒன்றின் பக்கச்சுவர் அடைப்பு நடுவானில் பிய்ந்து பறந்தது. அதனைப் பிணைக்க வேண்டிய நான்கு மரையாணிகள் தொழிற்கூடத்திலேயே பூட்டப்படவில்லை என ஆய்வில் தெரிந்தது. விரைவு விரைவு என்று முடுக்கப்படும் இடத்தில், ‘இது சரியில்லை, நிறுத்துங்கள்’ என்று அஞ்சாமல் சொல்லும் தொழிலாளியே பயணியின் முதற்காவலன். தரத்திலும் பாதுகாப்பிலும் தமக்கு உரிய குரல் வேண்டும் என்று அச்சங்கம் 2024-இல் கேட்டது. ஊதியக் கோரிக்கையினும் இக்கோரிக்கை சிறந்தது என்போம். ஏனெனில் இது கேட்பவரையும் உளப்படுத்தும் கோரிக்கை.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் அலுவலகத்திலோ ஆலையிலோ ஆசிரியப் பணியிலோ அமர்வீர்கள்; ஏதேனும் ஒரு சங்கத்தில் உறுப்பினராவீர்கள். பெருமக்களே! தாங்கள் பல அமைப்புகளை நடத்திச் செல்கிறீர்கள். மன்றத்தில் கையுயர்த்தி முடிவெடுக்கும் வேளையில், அங்கே நாற்காலி பெறாதவர் யார், இன்னும் வந்து சேராதவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களையும் சேர்த்துச் சொல்லத் தமிழ் நமக்கு ஒரு சொல்லைத் தந்திருக்கிறது. அச்சொல்லைப் பொருளறிந்து ஆள்வோமாக.